மாகறல் என்று பெயர் வைத்த கொத்து

14 ஜூலை 2024, ஞாயிறு

காலையில் இருபத்திரண்டு விடைத்தாள் திருத்தினேன். ஒளி ஏன் விலகுகிறது என்ற கேள்விக்கு ஒருவன் "அது விதி" என்று மட்டும் எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன்.

பதினோரு மணிக்கு என் ஆராய்ச்சிக் கூட்டாளி கதிர்வேல் வந்தான். ஞாயிறு என்றால் வருவான், ஐந்து வருடமாக இப்படித்தான். லேப்டாப் பையைக் கழற்றும் முன்பே அடுப்படிக்குப் போய் "அம்மா, இன்னிக்கு என்னா கொழம்பு?" என்பான். அம்மாவின் முகமே மாறிவிடும். அதையே நான் கேட்டால் "மூடியத் தொறந்து பாரேன்" என்பாள்.

எங்கள் பட்டியலில் பதினான்கு இடங்கள். பால்வீதியின் நடுப்பகுதியில், தூசிக்குப் பின்னால், இதுவரை யாரும் பார்க்காத கோளக் கொத்து, பந்து போல நெருங்கிய நட்சத்திரக் கூட்டம், இருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படும் இடங்கள். எண் ஞாபகம் நிற்கவில்லையென்று கதிர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்து ஊர்ப் பெயராக வைத்துவிட்டான். ஓரிக்கையைப் போன மாதம் பட்டியலிலிருந்து அடித்தோம். திருமுக்கூடல் இன்று போயிற்று. அதிலிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகின்றன.

அம்மா வந்து நின்று, இதெல்லாம் என்ன என்று கேட்டாள். அவன்தான் சொன்னான்.

"கருட சேவைக்கு அவ்ளோ கூட்டம் வருது இல்லம்மா, அதுல யார் யார் ஒரே வூட்டுக்காரங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒரே பக்கமா, ஒரே வேகத்துல, ஒட்டிக்கினு போவாங்க இல்ல? அதேதான். லட்சக்கணக்குல நட்சத்திரம் ஒண்ணா பொறந்து இன்னும் பிரியாம ஒண்ணாவே போயிக்கினு இருக்குது. நடுவுல தூசி. அதான் யார் கண்ணுக்கும் தெரியல."

"பாவம்" என்றாள் அம்மா.

மாகறலில்தான் சண்டை வந்தது. அது கொத்து இல்லை, ஓட்டை என்றேன். தூசி மெலிந்திருக்கிற இடத்தில் பின்னால் இருப்பவை கூடுதலாகத் தெரியும், கூட்டம் போல ஏமாற்றும். அவன் முப்பத்தொரு நட்சத்திரங்கள் சேர்ந்து நகர்வதைக் காட்டினான். முப்பத்தொன்று போதாது என்றேன்.

"உனுக்கு எதுதாம்மா போதும் அகிலா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"அப்ப நீ தனியா எழுதிக்கோ. என் பேர் வேணாம்."

"நெஜமாவா?"

"நெஜமா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். ரசம் மூன்று முறை.

21 ஜூலை

வரவில்லை. அம்மா இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள்.

9 ஆகஸ்ட்

வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து விளம்பரம். எங்கள் துறைக்கு ஒரே ஓர் இடம். வயது முப்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது. எனக்கு முப்பத்து மூன்று. கதிருக்கு இந்த டிசம்பரில் முப்பத்தாறு. பி.எஸ்ஸி முடித்து மூன்று வருடம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டு எம்.எஸ்ஸிக்கு வந்தவன். இதை விட்டால் அவனுக்கு இந்த மாதிரி இடம் இனிமேல் கிடையாது.

மாலையில் போன் செய்தான். "நீயும் போடு அகிலா. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கெடச்சாலும் சந்தோஷந்தானே?"

எப்படி இவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்? தனக்குத்தான் என்று தெரிந்தவனால்தான் இப்படிச் சொல்ல முடியும். ஆனாலும் விண்ணப்பம் போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் எழுந்து, "அகிலா, நாலாவது கிராஃப்ல அச்சு தலைகீழா இருக்குது" என்றான். அரங்கமே சிரித்தது. அவனும்தான், நண்பனாக. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

அச்சு தலைகீழாகத்தான் இருந்தது. அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

2 செப்டம்பர்

மதியம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது மெயில். வெளிநாட்டு ஜர்னல் ஒன்று. ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். தலைப்பைப் பார்த்தேன். கோளக் கொத்து, நடுப்பகுதி, ஆள்கூறுகள். ஆள்கூறுகளைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மாகறல்.

ஒரே ஆசிரியர். ச. கதிர்வேல்.

நாங்கள் சேர்ந்து எதுவும் வெளியிட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே ஊர் என்று அந்த எடிட்டருக்கு எப்படித் தெரியும்? இந்தத் துறையில் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

படிவத்தில் ஒரு கேள்வி: கட்டுரையாளருடன் உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா? உண்டு, இல்லை, இரண்டு கட்டங்கள்.

பக்கத்து மேசையில் கெமிஸ்ட்ரி தேவகி சமோசா நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். 'இல்லை'யைத் தொட்டேன்.

3 செப்டம்பர்

வேறு யாருக்குப் போனாலும் என்ன, அவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஓட்டை என்று ஜூலையிலேயே நான் நினைத்ததுதானே? நினைத்ததை எழுதப்போகிறேன். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறான். "ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்காக, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு நண்பருக்கு."

நல்ல கட்டுரை. அச்செல்லாம் சரியாக இருக்கிறது.

11 செப்டம்பர்

கல்லூரி விடுமுறை. காலையிலிருந்து என் புரோகிராமை மாகறல் மேல் ஓடவிட்டேன்.

கோளக் கொத்துகளில் ஒரு ஜாதிக் கிழட்டு நட்சத்திரம் உண்டு. அரை நாளுக்கு ஒரு முறை வெளிச்சம் ஏறி இறங்கும், மாறும் விண்மீன் என்போம். அந்தத் துடிப்பை அளந்தால் தூரம் சொல்லிவிடலாம். ஓட்டையாக இருந்தால் அங்கே அப்படி இரண்டு, ஒரே தூரத்தில், ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நடுவில் நட்சத்திரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நெரிகின்றன. பிரித்து அளப்பது லேசில்லை. அதற்கு நான்கு வருடம் உட்கார்ந்து நான் எழுதியதுதான் இந்தப் புரோகிராம். கதிரிடம் இது கிடையாது. அவன் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறான்.

இரண்டரை மணிக்கு முதல் துடிப்பின் வளைகோடு வந்தது. சுத்தமாக. இரண்டாவது நாலே காலுக்கு.

இரண்டும் ஒரே தூரம். இரண்டும் அவனுடைய முப்பத்தொன்றோடு சேர்ந்து போகின்றன.

12 செப்டம்பர்

ஓட்டை இல்லை. கொத்து. அவன் சொன்னது சரி.

15 செப்டம்பர், ஞாயிறு

எடிட்டருக்கு எழுதலாம். "எனக்குக் கட்டுரையாளரைத் தெரியும், விலகிக்கொள்கிறேன்." ஒரு வரி போதும்.

கதிரிடமே போய்ச் சொல்லலாம். இந்தா, இரண்டு, போட்டுக்கோ. துள்ளிக் குதிப்பான். அவன் அப்பா சபாபதி பிள்ளையார்பாளையம் முழுக்க ஸ்வீட் கொடுப்பார். கட்டுரை அனுப்பினதுக்கே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், எம் புள்ள வானத்துல மாகறல கண்டுபிடிச்சிட்டான் என்று. வேலையும் அவனுக்குத்தான். நான் இந்தக் கல்லூரியிலேயே, இந்த மின்விசிறிக்குக் கீழேயே, "அது விதி" என்று எழுதுகிறவர்களுக்கு அரை மதிப்பெண் போட்டுக்கொண்டு—

ஏன் எப்பவும் அவனுக்கே? எனக்குன்னு ஒண்ணு கூடவா வராது?

20 செப்டம்பர்

மதிப்புரை அனுப்பிவிட்டேன். ஒன்றே கால் பக்கம். பண்பான மொழி. எழுதியவர் பெயர் கட்டுரையாளருக்குப் போகாது.

நான்காவது குறிப்பு: "இந்த இடத்தில் மாறும் விண்மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது கவலைக்குரியது. உண்மையான கோளக் கொத்தாக இருந்தால் ஒன்றிரண்டாவது எதிர்பார்க்கலாம். தூசியின் அடர்த்தி குறைந்த இடம் என்ற எளிய விளக்கத்தை ஆசிரியர் மறுக்க முடியவில்லை."

பொய் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நன்றாக எழுதினேன்.

4 அக்டோபர்

வந்தான். இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இளைத்திருக்கிறான். அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பையிலிருந்து என் மதிப்புரையை எடுத்தான். அச்சடித்து, வரிக்கு வரி பென்சிலால் குறித்து வைத்திருக்கிறான்.

"தள்ளிட்டாங்க அகிலா. யாரோ ஒரு ரெஃபரி. தப்பு சொல்ல முடியாது, விஷயம் தெரிஞ்ச ஆளு. நாலாவது பாயிண்ட் பாரு."

பார்த்தேன். என் வாக்கியத்தை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே படித்தேன்.

"மாறும் விண்மீன் ரெண்டு காட்டிட்டா திருப்பி அனுப்பலாம், இன்டர்வியூக்கு முன்னாடி வந்துரும். எங்கிட்ட இருக்கறத வெச்சி நடுவுல பிரிக்க முடியல. உன் புரோகிராம்ல ஒரு தபா ஓட்டிப் பாத்து சொல்லேன். உன் பேரையும் போட்டுக்கலாம். முன்னாடியே போட்டிருக்கணும், நான்தான் கோவத்துல வுட்டுட்டேன்."

"பாக்கறேன்" என்றேன்.

"தேங்க்ஸ்பா." எழுந்தவன் திரும்பி நின்றான். "நீ ஜூலைலயே ஓட்டைன்னு சொன்ன. நான்தான் கேக்கல. ஒருவேள நீ சொன்னதுதான் சரியோ?"

தெரியலை என்று சொன்னேன்.

6 அக்டோபர், ஞாயிறு

போனில் சொன்னேன். ஓட்டிப் பாத்துட்டேன் கதிரு. ஒண்ணும் இல்ல.

கீழே தறி அடிக்கும் சத்தம் அவன் பக்கமிருந்து கேட்டது. அவன் அப்பாவுடையது.

"சுத்தமா இல்லியா?"

"இல்ல. விட்டுரு. இதப் புடிச்சிக்கினு இருந்தா இன்டர்வியூல இதையே கேட்டு உன்ன மடக்குவாங்க."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

மதிப்புரையில் எழுதியது வேறு. அதில் பொய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று சொன்னது பொய். இரண்டே வார்த்தை, ஒண்ணும் இல்ல.

பகல் ஒரு மணி. சாப்பிட உட்கார்ந்தேன். பசித்தது.

13 நவம்பர்

நேர்காணல் முடிந்தது. தாழ்வாரத்தில் அவனும் இருந்தான், வெள்ளைச் சட்டையில். அவனை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். வெளியே வந்து, "அப்ளிகேஷன்ல மாகறல போட்டிருந்தேன் இல்ல, அத பத்தி கேட்டாங்க. நானே சொல்லிட்டேன், அது கொத்து இல்ல, ஓட்டைதான்னு. தப்ப ஒத்துக்கறது நல்லதுதானே?" என்றான்.

நல்லதுதான் என்றேன்.

என்னிடம் அவர்கள், மறைந்திருக்கும் கொத்துகளில் மாறும் விண்மீன்களை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். இவ்வளவு நன்றாக என்றுமே பேசினதில்லை.

18 டிசம்பர்

எனக்குக் கிடைத்துவிட்டது.

22 டிசம்பர், ஞாயிறு

சபாபதி வந்தார். வேட்டி, திருநீறு, தட்டில் பழம், வெற்றிலை. கதிர் வரவில்லை. இன்று அவனுக்குப் பிறந்தநாள் என்று அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்தது.

"நல்லா இரும்மா. எனக்கு என் பொண்ணுக்குக் கெடச்ச மாதிரி இருக்குது" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் புள்ள சொன்னான். இல்லாத ஒண்ண நம்பிக்கினு இருந்தேன் நைனா, அகிலாதான் கண்ணத் தொறந்து வுட்டாங்கன்னு. இல்லேன்னா இன்னும் நாலு வருஷம் அதையே கட்டிக்கினு அழுதிருப்பான். யாரும்மா இப்படி மொகத்துக்கு நேரா உண்மைய சொல்றாங்க?"

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். குனிந்து காலைத் தொட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

திருநீறு பூசிவிட்டார். பட்டிழை வெட்டி வெட்டி அவர் விரல் காய்த்துப்போயிருந்தது. நெற்றியில் உறைத்தது.

14 ஜனவரி 2025

பொங்கல். அவன் வரவில்லை. கேட்டால் வேலை அதிகம் என்கிறானாம். சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறான் என்று அம்மா விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.

19 பிப்ரவரி

வந்துவிட்டது. வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை, பதினோரு பேர். புதிய கோளக் கொத்து ஒன்று. ஆள்கூறுகளுக்குத்தான் முதலில் போனேன்.

மாகறல்.

பெரிய தொலைநோக்கியில் வேகம் அளந்திருக்கிறார்கள். வயது பன்னிரண்டு பில்லியன் ஆண்டு. உலோகம் குறைவு. கட்டுரைச் சுருக்கத்தின் மூன்றாவது வரி: "மையத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு மாறும் விண்மீன்கள்."

தெளிவாகத் தெரியும்.

கதிரின் பெயர் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அவன் எழுதியது வெளிவரவே இல்லையே. அதை முழுக்கப் படித்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அவன், அந்த எடிட்டர், நான்.

அவனுக்குத் தெரியவா போகிறது? இப்போதெல்லாம் கட்டுரை படிக்கிறானா என்ன?

படிப்பான். நிச்சயம் படிப்பான்.

9 மார்ச், ஞாயிறு

போனேன். பிள்ளையார்பாளையம் வீட்டில் கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. சபாபதி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, மேல இருக்கறான் போம்மா என்றார்.

மாடியில் கதிர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரு முந்தானை. யானை, அதன் மேல் கொடி. ஒவ்வொரு கட்டமாக நிறம் போட்டுக்கொண்டிருந்தான். "வா, உக்காரு" என்றான். திரும்பவில்லை.

பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"மாகறல் ரெஃபரி நான்தான் கதிரு."

"தெரியும்."

மவுஸ் நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பேப்பர் வந்த அன்னைக்கு. ரெண்டு இருக்குதுன்னு போட்டிருந்தாங்க இல்ல. உன் புரோகிராம் கண்ணுக்குத் தப்பாது, அது எனக்குத் தெரியாதா? ஒண்ணும் இல்லேன்னு நீ சொன்னே. அப்புறம் அந்த ரிப்போர்ட்ட எடுத்து இன்னொரு தபா படிச்சேன். உன் கொரல் கேட்டுச்சு."

அழுகை வந்துவிட்டது. அவனுக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்காகத்தான். அவன் பாட்டுக்குக் கட்டத்தில் நிறம் போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் நைனாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இன்னும் ஊரெல்லாம் உன்ன பத்தி பெருமையா பேசிக்கினு இருக்கறாரு. அவுரு அப்படியே நம்பிக்கினு இருக்கட்டும். உனுக்காக இல்ல. அவுருக்காக."

"என்னத் திட்டேன் கதிரு. ஏதாவது சொல்லேன்."

அப்போதுதான் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு? திட்டிட்டா நீ நிம்மதியா போயிருவ."

மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்தான். "எறங்கும்போது பாத்துப் போ, படி ஒண்ணு ஆடுது. நாளைக்கு இந்த டிசைன் குடுக்கணும் எனக்கு."

கீழே சபாபதி, காபி சாப்பிடாமப் போறியேம்மா என்றார்.

10 மார்ச்

எடிட்டருக்குக் கடிதம் எழுதினேன். நடந்தது எல்லாம், தேதியோடு. ஒரு பக்கம் வந்தது. அனுப்பினால் அவனுடைய கட்டுரை செப்டம்பரிலேயே வந்து சேர்ந்தது என்பது பதிவாகும். முதலில் பார்த்தவன் என்ற பெயர் அவனுக்கு வரும். எனக்கு வேலை போகும்.

11 மார்ச்

அனுப்பவில்லை.

12 மார்ச்

அழித்துவிட்டேன்.

2 ஜூன்

சேர்ந்தேன். இரண்டாவது மாடி, கிழக்கு ஜன்னல். வேப்பமரம் தெரிகிறது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அந்த வெயிலும் சாப்பாடும் ஒத்துக்காது என்று. காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

17 ஜூலை 2025

முதல் வகுப்பு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு. பதினாறு பேர். தூசிக்குப் பின்னால் இருக்கும் கொத்துகளைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன், ஒவ்வொன்றும் எந்த ஆண்டு, எந்தத் தொலைநோக்கி என்று. கடைசிப் படமாக அந்தக் கொத்தைப் போட்டேன். இப்போது அதற்கு ஓர் எண் இருக்கிறது.

முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். காயத்ரி என்று பெயர். வேலூர்ப் பக்கமாம்.

"இத மொதல்ல பாத்தது யாரு மேடம்?"

பலகையில் அந்த வெளிநாட்டுக் குழுவின் பெயரை எழுதினேன். ஆண்டையும் எழுதினேன், அடிக்கோடு போட்டேன்.

அவள் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த பாடத்துக்குப் போனேன்.